சொக்கியது யார்?

எனக்கு அப்போது ஒன்பது வயது. மதுரையில் மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். ஏழு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு துவைகல். முற்றத்தில் உட்கார்ந்து என் அம்மாச்சி பூக் கட்டுவார். மடியில் மல்லிகை மொட்டு, பக்கத்தில் நனைத்த வாழைநார். வெயில் தாழ்ந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மீனாட்சியம்மன் கோயில் தெற்கு வாசலுக்குப் போய்விடுவார். மொட்டு விரிந்து வாசம் ஏறுகிற நேரத்துக்கு அவர் வாசலில் இருக்க வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் கடைசி வீட்டு மாமியார் ஒரு காகிதப் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்ததாம். உள்ளே வெளிறிய பொடி.

"பாத்தீங்களாக்கா, சொக்குப்பொடி! எம் மகன் சம்பளக் கவர அப்படியே அவ கையில குடுக்குறப்பவே நெனச்சேன்."

கல்யாணமாகி எட்டு மாதமான மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். ஏழு வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரும் பேசவில்லை. அம்மாச்சி பூக் கட்டுவதை நிறுத்தினார். "இங்கன கொண்டாத்தா" என்று வாங்கி, சுண்டுவிரலால் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தார். என் அம்மா பதறிப்போய் எழுந்தார்.

"அடுப்புச் சாம்பல்டி இது" என்றார் அம்மாச்சி. "ஒம் மருமக முழுகாம இருக்கா. மசக்கைக்குச் சாம்பல் திங்க ஆசப்பட்டிருக்கு புள்ள. சொல்ல வெக்கப்பட்டு ஒளிச்சு வச்சிருக்கு."

பொட்டலத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாரை மறுபடி விரலில் சுற்றியபடியே சொன்னார்: "அவன் சொக்குனான்னா அவன் கண்ணால சொக்குனான். அதுக்குப் பொடி எதுக்கு?"

முப்பத்தோரு வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ இலக்கணப் பாடம் நடத்தியிருக்கிறேன். அம்மாச்சி முற்றத்தில் சொன்ன அந்த ஒரு வரிக்குள் இருந்த இலக்கணம் எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்ணில் தொடங்கும் சொல்

சொக்கு என்ற சொல்லுக்கு அகராதிகள் மயக்கம் என்றும் அழகு என்றும் பொருள் தருகின்றன. பார்ப்பவருக்கு வருவது மயக்கம். பார்க்கப்படுவதில் இருப்பது அழகு. இரண்டுக்கும் ஒரே சொல் என்பதுதான் இதன் விசேஷம். எழில், வனப்பு, கவின் என்று அழகுக்குத் தமிழில் சொற்கள் நிறைய. அவை எல்லாம் பொருளின்மேல் உட்கார்ந்திருப்பவை. ஒரு குளத்துக்கு எழில் உண்டு என்றால், பார்க்க ஆளில்லாத நேரத்திலும் அந்த எழில் அங்கே இருக்கும். சொக்குக்குப் பார்க்கிற ஆள் வேண்டும்.

இந்தச் சொல்லின் வேர் உடம்பில் இருக்கிறது. பால் குடித்து முடித்த கைக்குழந்தையைப் பாருங்கள். இமை பாதி மூடும், கழுத்து சாயும், பிடித்திருந்த விரல் தளரும். "கண்ணு சொக்குது, தொட்டில்ல போடு" என்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தாவது பீரியடில் என் மாணவர்களுக்கும் கண் சொக்கும். தூக்கம் வருவதற்கு முன்னால், விழிப்பும் கலையாமல் தூக்கமும் பிடிக்காமல் இருக்கிற அந்தத் தளர்ச்சிதான் சொக்குதல். நல்ல நாகசுரத்தைக் கேட்டுச் சொக்குகிறவரும், மல்லிகை வாசத்தில் சொக்குகிறவரும், ஒரு முகத்தைப் பார்த்துச் சொக்குகிறவரும் அந்தக் குழந்தை இருக்கிற நிலையில்தான் இருக்கிறார்கள். கை கால் ஓய்ந்து, மனம் மட்டும் விழித்திருக்கிறது.

பக்கத்து மொழிகளிலும் இந்தச் சொல் இருக்கிறது. தெலுங்கிலும் சொக்குதல் என்றால் பரவசத்தில் தன்னை மறத்தல். கன்னடத்தில் அது வேறு பக்கம் திரும்பிவிட்டது. அங்கே சொக்கு என்றால் போதை, அதிலிருந்து திமிர். இதை நான் ஓசூர்ப் பக்கம் வேலை பார்த்த முதல் வருடத்தில் தெரிந்துகொண்டேன். வகுப்பில் தூங்கி விழுந்த ஒரு சிறுமியின் அம்மாவிடம், "மத்தியானம் ஆனா உங்க பொண்ணுக்குக் கண்ணு சொக்குதும்மா" என்றேன். அந்த அம்மாவுக்குத் தாய்மொழி கன்னடம். முகம் வாடிப்போயிற்று. "இல்ல டீச்சர், அவளுக்குச் சொக்கெல்லாம் கிடையாது, ரொம்ப அடக்கமான பொண்ணு" என்றார். இருவருமாகப் பேசி விளங்கிக்கொள்ளக் கால் மணி நேரம் ஆனது. தமிழிலும் செருக்கு என்ற சொல் இதே பாதையில் நடந்திருக்கிறது. கள் தரும் வெறிக்கும் செருக்கு என்று பெயர். ஆணவத்துக்கும் அதுவே பெயர். போதை தலைக்கு ஏறினால் திமிர். அதே போதை இமைக்கு இறங்கினால் சொக்கு. தமிழன் இந்தச் சொல்லை இமைப் பக்கம் வைத்துக்கொண்டான்.

ஓர் ஊருக்கே உரிய பெயர்

மதுரைக்காரர்களுக்கு இது வெறும் வினைச்சொல் அல்ல, எங்கள் சாமியின் பெயர். கோயில் ஏடுகளிலும் அழைப்பிதழ்களிலும் சுந்தரேசுவரர் என்று அச்சிடுவார்கள். வாயால் கூப்பிடும்போது சொக்கநாதர், சொக்கர், சொக்கன். சுந்தரேசுவரர் என்றாலும் அழகான இறைவன் என்றுதான் பொருள். ஆனால் சுந்தரம் அவரிடம் இருக்கும் அழகைச் சொல்கிறது. சொக்கன் என்னும்போது கும்பிடப் போன நாமும் அந்தப் பெயருக்குள் சேர்ந்துவிடுகிறோம்.

பெயர் பழையது. 7-ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த திருஞானசம்பந்தர் தம் தேவாரப் பதிகத்தில் ஆலவாய் இறைவனைச் சொக்கன் என்றே அழைக்கிறார். அந்தப் பதிகம் பிறந்த சூழலைப் பெரியபுராணம் சொல்கிறது. பாண்டிய அரசி மங்கையர்க்கரசியார் அழைப்பில் வந்து சம்பந்தர் தங்கியிருந்த மடத்துக்கு இரவில் தீ வைக்கப்படுகிறது. அப்போது பாடியது அது. நெருப்பு சூழ்ந்த நேரத்தில், அஞ்சாதே என்று சொல்லும்படி கேட்கிற பாட்டில், கடவுளை அழகன் என்று கூப்பிடுகிறார் அந்தப் பிள்ளை. பயத்தை மறக்கிற அளவுக்கு மனம் ஒன்றில் ஆழ வேண்டுமானால், அதற்குச் சொக்கு என்ற சொல்தான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு அந்தப் பெயர் கோயில் மதிலைத் தாண்டி ஊருக்குள் வந்தது. மதுரையை 1659 முதல் 1682 வரை ஆண்ட நாயக்க மன்னரின் பெயர் சொக்கநாதர். ராணி மங்கம்மாளின் கணவர். வீட்டில் தெலுங்கு பேசிய அரச குடும்பம் எங்கள் ஊர்ச் சாமியின் தமிழ்ப் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1934-இல் தொடங்கிய தினமணியின் முதல் ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கம் தென்காசிக்காரர். செட்டிநாட்டில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு சொக்கலிங்கம் இருப்பார், வீட்டில் அவரைச் சொக்கு என்று கூப்பிடுவார்கள். வைகைக்கு வடகரையில் சொக்கிகுளம் இருக்கிறது. பஸ்ஸில் நடத்துநர் அந்தப் பெயரைக் கூவும்போது அதற்குள் அழகு என்ற பொருள் இருப்பது யாருக்கும் நினைவு வருவதில்லை.

ஒலியால் நெருங்கி நிற்கும் உறவுக்காரர்களும் உண்டு. சொக்கத்தங்கம் என்றால் மாற்றுக் குறையாத தங்கம். அங்கே சொக்கம் என்பதற்குத் தூய்மை, கலப்பின்மை என்று பொருள். இந்தியிலும் சோக்கா என்றால் கலப்படமில்லாதது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் சாந்திக்கூத்தை நான்காகப் பிரித்து, முதலாவதற்குச் சொக்கம் என்று பெயர் தருகிறார். கதையும் பாட்டின் பொருளும் கலவாத சுத்த நிருத்தம் அது, 108 கரணங்களை உடையது. தூய்மையைக் குறிக்கும் சொக்கமும் மயக்கத்தைக் குறிக்கும் சொக்கும் தனித்தனிச் சொற்கள். ஆனாலும் கேட்கிற காதில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அதனால்தான் சொக்க வைக்கும் அழகு என்னும்போது கலப்பில்லாத அழகு என்ற சாயலும் கூடவே வருகிறது.

போருக்கு வந்தவள்

இந்தச் சொல்லை விளக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கதை திருவிளையாடல் புராணத்தில் இருக்கிறது. மதுரைக்காரர்கள் அதைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, வருடா வருடம் தெருவில் பார்க்கிறோம்.

மலயத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயிலிருந்து மூன்று வயதுப் பெண்குழந்தையாக வந்தவள் தடாதகை, அவள்தான் மீனாட்சி. அவளுக்கு மூன்று தனங்கள். கணவனாக வரப்போகிறவனைக் கண்டதும் ஒன்று மறையும் என்று அசரீரி சொல்லிவிட்டது. அப்பா அவளுக்கு ஆண்பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல வில்லும் வாளும் சொல்லித் தந்தார். முடிசூடினாள். எட்டுத் திசைக் காவலர்களையும் வென்று கயிலை வரை படையோடு போனாள். நந்தியின் சேனையும் தோற்றது. கடைசியில் சிவன் எதிரே வந்து நிற்கிறார். அவள் பார்க்கிறாள். மூன்றாவது தனம் மறைகிறது. ஓங்கிய வில் தாழ்கிறது. தலை குனிந்து நிற்கிறாள்.

சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். திக்விஜயத்தன்று அம்மன் மாசி வீதிகளில் போருக்கு எழுந்தருளுவார். அம்மாச்சி என்னைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டியிருக்கிறார். "ஆத்தா இப்ப சண்டைக்குப் போறா. நாளைக்குத் தாலி" என்பார்.

இந்தக் கதையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அழகாக இருப்பவர் ஆண். சொக்கி நிற்பவள் பெண், அதுவும் ஊரை ஆள்கிற அரசி. அவளை யாரும் தோற்கடிக்கவில்லை. அவள்மேல் பொடி எதுவும் விழவில்லை. எதிரே நின்றவர் அம்பு விடவில்லை. அவள் கண் பார்த்தது, அவள் கை தாழ்ந்தது. நடந்தது எல்லாம் அவளுக்குள். சொக்கிப்போனதால் அவள் அரசும் போய்விடவில்லை. இன்றைக்கும் மதுரையில் முதல் பெயர் மீனாட்சிதான். ஒவ்வோர் இரவும் சொக்கரின் பாதுகைகள்தான் பல்லக்கில் ஏறி அம்மன் பள்ளியறைக்குப் போகின்றன.

ஆவணி மூலத் திருவிழாவில் வளையல் விற்ற லீலை என்று ஒரு நாள் உண்டு. அந்தக் கதையிலும் இதே வரிசைதான். தாருகாவனத்துக்குப் பிச்சை எடுக்க வந்த சிவனின் அழகில் ரிஷிபத்தினிகள் சொக்கிப்போகிறார்கள், கைவளை கழன்று விழுகிறது. கணவர்கள் சபிக்கிறார்கள். அவர்கள் மதுரையில் வணிகர் வீட்டுப் பெண்களாகப் பிறக்கிறார்கள். சொக்கர் வளையல்காரராகத் தெருவில் வந்து, அவர்கள் கையைத் தொட்டு வளையல் அடுக்கி, சாபத்தைத் தீர்த்து வைக்கிறார். சொக்கியதற்காக மனிதர் தந்த தண்டனையைச் சொக்கனே வந்து நீக்கினான் என்று கதை முடிகிறது.

பறிக்கும் சொற்கள்

இப்போது நாம் அதிகம் புழங்கும் சொல் கவர்ச்சி. பத்திரிகைகளும் போஸ்டர்களும் அதை ஒரே ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டன. கவர்ச்சி நடிகை, கவர்ச்சிப் படம், கவர்ச்சி நடனம். பதினோராம் வகுப்பில் அழகைக் குறிக்கும் சொற்களை எழுதச் சொன்னால், கவர்ச்சி என்று எழுதிவிட்டுப் பையன்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள். பெண்பிள்ளைகள் அந்தச் சொல்லை எழுதவே மாட்டார்கள். அறிவியல் பாடத்தில் காந்தத்தின் எதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று கவரும் என்று அதே பிள்ளைகள் கூச்சமில்லாமல் ஒப்பிப்பார்கள்.

கவர்தல் என்றால் பறித்தல், எடுத்துக்கொள்ளுதல். சங்ககால வெட்சித் திணை பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவதைப் பாடுவது. வள்ளுவரும் பழத்தை விட்டுவிட்டுக் காயைப் பறிப்பதற்கு இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறார். பொருளை எடுத்த கை பிறகு உள்ளத்தையும் எடுக்கத் தொடங்கியது, மனம் கவர்ந்தவர் என்ற அழகான தொடர் வந்தது. ஆனாலும் பழைய பறிப்பு அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை. கவர்ச்சிகரமான வட்டி என்ற தொடரைச் செய்தித்தாளில் எங்கே படிக்கிறீர்கள்? பணத்தைச் சுருட்டிக்கொண்டு போன நிதி நிறுவனத்தைப் பற்றிய செய்தியில்தான். தேர்தல் நேரத்துக் கவர்ச்சித் திட்டம் என்பதிலும் அதே சந்தேகம் இருக்கிறது.

வசீகரம் வடமொழியிலிருந்து வந்தது. வசம் ஆக்குதல், தன் பிடிக்குள் கொண்டுவருதல் என்பது அதன் நேர்ப்பொருள். வசியம் அதன் தங்கை. ஜாதகத்தில் பார்க்கிற பத்துப் பொருத்தங்களில் வசியப் பொருத்தமும் ஒன்று. அங்கே அது கணவன் மனைவி ஒருவர்மேல் ஒருவர் பற்று வைப்பதைக் குறிக்கும் நல்ல சொல். வசிய மை, வசிய மருந்து என்று வரும்போது அடுத்தவர் மனத்தை அவருக்குத் தெரியாமல் பிடிப்பதாக ஆகிவிடுகிறது. இன்றைய எழுத்தில் வசீகரமான குரல், வசீகரமான சிரிப்பு என்று மரியாதையோடு நிற்கிறது. இருந்தாலும் அதன் உள்ளே ஒரு கயிறு இருக்கிறது.

ஆங்கிலத்திலிருந்து வந்து சினிமாப் பேச்சில் தங்கிவிட்ட கிளாமர் என்ற சொல்லுக்கும் பிறப்பு மந்திரம்தான். ஓர் இலக்கண ஆசிரியைக்கு அந்த வரலாறு தெரிந்தபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. கிராமர், அதாவது இலக்கணம் என்ற சொல்லே ஸ்காட்லாந்து மக்கள் வாயில் கிளாமர் என்று திரிந்தது. படிப்பறிவு சிலரிடம் மட்டும் இருந்த காலத்தில் புத்தகம் படிக்கத் தெரிந்தவருக்கு மந்திரமும் தெரியும் என்று சாதாரண மக்கள் நம்பினார்கள். அங்கே கிளாமர் போடுதல் என்றால் கண்கட்டு வித்தை செய்தல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வால்டர் ஸ்காட்டின் எழுத்துகள் வழியாக அது மற்றவர்களுக்கும் பரவி, பின்னால் மயக்கும் அழகு என்று ஆனது.

ஆக, கவர்ச்சி பறிக்கிறது. வசீகரம் கட்டுகிறது. கிளாமர் கண்ணைக் கட்டுகிறது. மூன்று சொல்லிலும் வேலை செய்பவர் அழகாக இருப்பவர். பார்ப்பவர் பாவம், ஒன்றும் செய்யாதவர், பறிகொடுத்தவர். சொக்கு மட்டும் இந்த வரிசையில் சேராது. ஏன் சேராது என்பதற்கு இலக்கணத்தில் விடை இருக்கிறது.

எழுவாய் எங்கே?

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் நடந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பின்னாலேயே ஒரு பையன் தினமும் சைக்கிளில் வீடு வரை போய்க்கொண்டிருந்தான். அவள் அழுதுகொண்டே வந்து சொன்னாள். ஆசிரியர் அறையில் பேச்சு வந்தபோது ஒருவர் சொன்னார்: "அந்தப் பொண்ணும் தினம் தலை நிறையப் பூவும் ரிப்பனுமா வருது. அதைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க." நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

அன்றைக்கு எனக்குத் தன்வினை, பிறவினைப் பாடம். அந்த வகுப்புக்குப் போகும் முன்பாக, ஆசிரியர் அறைக் கரும்பலகையிலேயே இரண்டு வாக்கியங்களை எழுதினேன்.

அவள் அழகு அவனைக் கவர்ந்தது.

அவன் அவள் அழகில் சொக்கினான்.

முதல் வாக்கியத்தில் எழுவாய் அவள் அழகு. செயல் அதனுடையது. அவன் செயப்படுபொருள், இரண்டாம் வேற்றுமை ஏற்று ஓரமாக நிற்கிறான். கவர் என்பது செயப்படுபொருள் குன்றா வினை, எதையாவது பறித்தால்தான் அது நிறைவு பெறும். இரண்டாவது வாக்கியத்தில் எழுவாய் அவன். செயல் அவனுடையது. அவள் அழகு அங்கே இடம் மட்டுமே. ஆற்றில் குளித்தான் என்பதில் ஆறு எப்படி ஒன்றும் செய்யவில்லையோ, அப்படி அழகும் ஒன்றும் செய்யவில்லை. சொக்கு என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. யாரும் யாரையும் சொக்க முடியாது. அவரவர்தான் சொக்க முடியும். அடுத்தவர்மேல் அந்தச் செயலை ஏற்ற வேண்டுமானால் வை என்ற துணைவினையை இரவல் வாங்கி, சொக்க வைத்தாள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

"நடந்தது முதல் வாக்கியமா, இரண்டாவதா?" என்று கேட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்த கணக்காசிரியர், "சொக்குறவன் சைக்கிள எடுக்க மாட்டான் டீச்சர்" என்றார்.

அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. சொக்குதலின் முழுப் பொருளும் அதில் இருக்கிறது. சொக்கியவருக்குக் கை கால் ஓயும், இருந்த இடத்திலேயே இருப்பார். எழுந்து பின்னால் போவது, வழிமறிப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் கவர்பவன் செய்வது, ஆநிரைக்குக் கிளம்பியவன் செய்வது. பார்த்துச் சொக்குவது யாருக்கும் உண்டான சுகம். அது குற்றமில்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது பார்த்தவரின் உடைமை. அதற்கான கணக்கை அழகாக இருப்பவர் தலையில் எழுதக் கூடாது.

பையனையும் அவன் அப்பாவையும் வரவழைத்துப் பேசினோம். சைக்கிள் நின்றது. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை தலை நிறையப் பூவோடுதான் வந்தாள்.

பொடி எதற்கு?

இப்போது அம்மாச்சியின் முற்றத்துக்குத் திரும்புகிறேன். சொக்குப்பொடி என்ற ஒன்றை மனிதர்கள் ஏன் கற்பனை செய்தார்கள்? சொக்கு என்ற வினையில் எழுவாயை மாற்ற முடியாமல் போனதால்தான் என்று நினைக்கிறேன். மகன் மனைவிமேல் பிரியமாக இருக்கிறான். அந்தச் செயலுக்குச் சொந்தக்காரன் மகன் என்று ஒப்புக்கொள்ளத் தாய்க்கு வலிக்கிறது. மொழியோ வேறு வழி விடவில்லை. அதனால் நடுவில் ஒரு பொட்டலம் தேவைப்படுகிறது. பொடி வந்துவிட்டால் தூவியவள் எழுவாய் ஆகிவிடுவாள், மகன் செயப்படுபொருளாகித் தப்பித்துவிடுவான். எங்கள் தெருக்களில் எத்தனை மருமகள்கள் இல்லாத பொடிக்காக வசவு வாங்கியிருக்கிறார்கள் என்பது பெண்களுக்குத் தெரியும். சொக்குப்பொடி போட்டான் என்று ஓர் ஆணைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொக்கன் என்ற ஆண்பெயரைக் கடவுளுக்கு வைத்த ஊரில், பொடியை மட்டும் பெண்ணின் முந்தானையில் முடிந்து வைத்துவிட்டோம்.

அம்மாச்சிக்குப் படிப்பு இல்லை. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் உருட்டுவார். மல்லிகையின் வாசத்தில் வாழ்நாள் முழுக்க இருந்த பெண். எந்தப் பூவும் யாரையும் இழுத்து வந்து நிறுத்துவதில்லை, வாங்குகிறவர்தான் நின்று முகர்கிறார் என்று அவருக்குத் தெரியும். "அவன் கண்ணால சொக்குனான்" என்று அன்றைக்குச் சொன்னபோது, வாக்கியத்தின் முதல் இடத்தில் யாரை வைக்க வேண்டுமோ அவரை வைத்தார். அழுதுகொண்டிருந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணை அந்த ஒரு சொல் காப்பாற்றியது.

சொக்கு என்ற சொல்லை எழுத்தில் நாம் மெல்ல மெல்லக் கைவிட்டு வருகிறோம். கவர்ச்சி என்று எழுதப் போகும் இடத்தில் சிறிது நிறுத்திப் பாருங்கள். பறிப்பு நடந்த இடமா, இல்லை ஒருவர் தன்னை மறந்த இடமா? தன்னை மறந்த இடமானால் அதற்கு நம்மிடம் தேவாரக் காலத்துச் சொல் இருக்கிறது. பெண்பிள்ளையின் பூவையும் பொட்டையும் பற்றி வீட்டிலோ பள்ளியிலோ பேச்சு எழும்போது, யாருடைய செயலைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒருமுறை கேளுங்கள். சொக்கியவர் பெயரை வாக்கியத்தின் முதலில் எழுதுங்கள்.